கட்டுண்ட ஏடுகள்: கருப்பைப் புற்றும் ஹார்மோன்களின் பேச்சும்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் பொறியியல் பயிலும் நண்பர் ஒருவர் என்னை நோக்கி ஒரு வினா எழுப்பினார். "ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருத்திக்குப் பலிக்கிறது, மற்றொருத்திக்குப் பலிக்கவில்லை. இயந்திரமாயிருந்தால் இதற்கு நாங்கள் காரணம் கண்டுபிடித்துவிடுவோம். உடலைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். நேரமில்லாமையால் இரண்டு சொற்களில் ஏதோ விடை கூறி அமர்ந்துவிட்டேன். அவ்விடை அவருக்கு நிறைவளித்ததோ இல்லையோ, எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆதலின் இக்கட்டுரையை அவருக்குத் தரவேண்டிய கடனாகவே எழுதுகின்றேன்.

மற்றொரு காரணமும் உண்டு. என் பெரியம்மாவுக்கு வயது 58. மாதவிலக்கு நின்று எட்டு ஆண்டுகள் ஆனபின் ஒரு நாள் சிறிது உதிரம் கண்டது. "இந்த வயதில் தீட்டா? வெளியே சொன்னால் சிரிப்பார்கள்" என்று எண்ணி ஏழு மாதங்கள் வாய் திறவாதிருந்தார். பிறகு மருமகளிடம் மெல்லச் சொன்னார். அவள் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை செய்து கருப்பையை நீக்கினர். நல்வினைப் பயனாக நோய் பரவவில்லை; இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அந்த ஏழு மாத மௌனத்தை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் நடுங்குகிறது. நம்மில் யார் வீட்டிலும் இது நிகழலாம். இதைப் பற்றித் தாய்மொழியில் பேசச் சொற்கள் இருந்தால், பேசும் துணிவும் வரும் என்பது என் நம்பிக்கை.

பயிரும் கதிரும்

கருப்பையின் உட்சுவரை மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. இதில் இருவகை உயிரணுக்கள் உள்ளன. குழல்போன்ற சுரப்பிகளாக அமைந்தவை ஒருவகை. அச்சுரப்பிகளைத் தாங்கி அவற்றிற்கிடையே மெத்தைபோல் நிரம்பியிருக்கும் இடைத்திசு உயிரணுக்கள் மற்றொரு வகை. மாதந்தோறும் இப்படலம் தழைக்கிறது, பக்குவப்படுகிறது, கருவுறாவிடில் உதிர்கிறது. இவ்வளவும் இரண்டு ஹார்மோன்களின் ஆணையால் நடைபெறுவது.

முதலாவது ஈஸ்ட்ரோஜன். சூலகத்தில் முட்டை முதிரும் நாட்களில் இது சுரந்து, உட்படலத்தைப் பெருகச் செய்கிறது. இரண்டாவது புரொஜெஸ்ட்டிரோன். முட்டை வெளிப்பட்ட பின்னர்ச் சூலகத்தில் எஞ்சி நிற்கும் மஞ்சள் நிறத் திரளிலிருந்து இது சுரக்கிறது. "பெருகியது போதும், இனிக் கருவை ஏற்க ஆயத்தமாகு" என்பது இதன் கட்டளை. ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரோனை அமெரிக்காவில் டாய்சியும், ஜெர்மனியில் பூட்டனான்டும் 1929-இல் தனித்தனியே பிரித்தெடுத்தனர். அதே 1929-இல் ராச்செஸ்டர் நகரில் கார்னரும் ஆலனும் முயல்களை வைத்துச் செய்த சோதனைகளால் புரொஜெஸ்ட்டிரோனின் வேலையை வெளிப்படுத்தினர். அது தூய பொருளாகக் கிடைத்தது 1934-இல்.

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். நெற்பயிருக்கு உரத்தை மட்டும் வாரி இறைத்தால் தாள் தழைக்கும். கரும்பச்சையாய்ப் பார்ப்பதற்கு அழகாயிருக்கும். ஆனால் கதிர் ஒழுங்காக வாராது, பயிர் சாய்ந்துவிடும். தழைக்கும் காலம் ஒன்று, கதிர் பிடிக்கும் காலம் ஒன்று என்று இரண்டும் முறையாக வரவேண்டும். கருப்பையின் உட்படலத்துக்கும் இதுவே விதி. ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதல் இடைவிடாது இருந்து, புரொஜெஸ்ட்டிரோனின் கட்டுப்பாடு இல்லாமற்போனால், உட்படலம் வரம்பின்றிப் பெருகும். இப்பெருக்கம் சிலரிடத்தில் புற்றாக மாறும்.

இத்தகைய நிலை எவ்வாறு ஏற்படுகிறது? முட்டை வெளிப்படாமலே மாதங்கள் கழிந்தால் புரொஜெஸ்ட்டிரோன் சுரக்க வழியில்லை. உடற்பருமன் மற்றொரு காரணம். மாதவிலக்கு நின்ற பின்னும் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி, வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோனாக மாற்றிக்கொண்டேயிருக்கும். கொழுப்பு மிகுந்தால் ஈஸ்ட்ரோஜனும் மிகும். மூன்றாவது காரணத்தை மனிதனே உண்டாக்கினான். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வரும் உடற்சூடு முதலிய தொல்லைகளைப் போக்க அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனைத் தனியே கொடுத்துவந்தனர். அதனால் கருப்பைப் புற்று பன்மடங்கு மிகுதியாகிறதென்று 1975-இல் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. அதன்பின் கருப்பை உள்ள பெண்களுக்குப் புரொஜெஸ்ட்டிரோன் இனத்தைச் சேர்ந்த மருந்தையும் சேர்த்தே கொடுப்பது வழக்கமாயிற்று.

ஐவர் கேட்ட சொற்பொழிவு

ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. கைக்கும் செல்கிறது, காலுக்கும் செல்கிறது. ஆனால் கருப்பை மட்டும் ஏன் அதன் சொல்லுக்குச் செவிசாய்க்கிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்பார் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். அக்காலத்து அறிஞர்கள், ஹார்மோன் ஏதோ நொதிகளோடு சேர்ந்து வேதிமாற்றம் அடைந்து வேலை செய்கிறது என்று எண்ணியிருந்தனர். ஜென்சனும் அவருடைய துணைவர் ஜேக்கப்சனும் ஈஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜனில், கதிரியக்கமுள்ள டிரிட்டியத்தைச் சேர்த்து அடையாளமிட்டனர். அதனை மிகச் சிறிய அளவில் பருவமெய்தாத பெண் எலிகளுக்குச் செலுத்தி, எந்த உறுப்பில் எவ்வளவு தங்குகிறதென்று அளந்தனர்.

இரத்தமும் தசையும் ஹார்மோனை வாங்கி விரைவில் விட்டுவிட்டன. கருப்பை அதைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அதுமட்டுமன்று, பற்றப்பட்ட ஹார்மோன் எந்த மாற்றமும் அடையாமல் அப்படியே இருந்தது. அப்படியானால் அதைப் பற்றுவதற்கென்றே ஒரு பொருள் அங்கே இருக்கவேண்டும். அதுவே ஏற்பி.

1958-இல் வியன்னாவில் கூடிய மாநாட்டில் ஜென்சன் இதனை எடுத்துரைத்தார். கேட்க வந்தவர் ஐவர். அவருள்ளும் மூவர் அதே அரங்கில் பேச வந்தவர்கள் என்று பின்னாளில் அவரே நகைச்சுவையுடன் நினைவுகூர்ந்திருக்கிறார். உண்மைக்கு ஆட்கூட்டம் தேவையில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ!

இன்று நாம் அறிவது இது. ஏற்பி என்பது ஒரு புரதம். ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, இரண்டு ஏற்பிகள் இணைகின்றன, டி.என்.ஏ.வில் தமக்குரிய இடங்களில் அமர்கின்றன. துணைப் புரதங்களை அழைத்துக்கொண்டு குறிப்பிட்ட மரபணுக்களை இயக்குகின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இயக்கும் மரபணுக்களுள் ஒன்று, புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பியின் மரபணுவேயாகும். அதாவது, தழைக்கச் செய்பவனே தன்னைத் தடுப்பவனுக்கும் கதவைத் திறந்துவைக்கிறான். இயற்கையின் இந்த நீதி வியக்கத்தக்கது.

1961: ஒரு நம்பிக்கையும் ஒரு புதிரும்

ஈஸ்ட்ரோஜன் வளர்ப்பதைப் புரொஜெஸ்ட்டிரோன் அடக்குமாயின், புற்றையும் அடக்குமா? பாஸ்டன் நகரில் ரீட்டா கெல்லி, வில்லியம் பேக்கர் ஆகிய மருத்துவர்கள் இருவர், நோய் உடலின் பிற இடங்களுக்குப் பரவிவிட்ட பெண்களுக்குப் புரொஜெஸ்ட்டிரோன் இன மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். முடிவை 1961-இல் வெளியிட்டனர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் கட்டிகள் சுருங்கின. வேறு வழியே இல்லையென்று கைவிடப்பட்டவர்களிடத்தில் இப்பயன் விளைந்தது சிறிய செய்தியன்று.

ஆனால் மற்ற மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏன் பலிக்கவில்லை? நம் பொறியியல் நண்பரின் வினா இங்கேதான் பிறக்கிறது.

பிற்காலத்தில் ஏற்பிகளை அளக்க வழி பிறந்தபோது விடையின் முதற்பகுதி கிடைத்தது. புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பி மிகுந்திருந்த புற்றுகளில் மருந்து பெரும்பாலும் வேலை செய்தது; ஏற்பி குறைந்தோ இல்லாமலோ போன புற்றுகளில் வேலை செய்யவில்லை. கேட்கும் செவி இல்லாதவனிடம் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயன் என்ன?

இவ்விடை அடுத்த வினாவை எழுப்புகிறது. ஏற்பி எங்கே போயிற்று? அதன் மரபணு சிதைந்துவிட்டதா? தேடிப் பார்த்தனர். பெரும்பாலான புற்றுகளில் மரபணு சிதையவில்லை. எழுத்து பிறழாமல் அங்கேயே இருந்தது. இருந்தும் அது படிக்கப்படவில்லை!

ஏடும் கட்டும்

நம் நாட்டில் ஓலைச்சுவடிகள் எத்தனையோ வீடுகளின் பரண்களில் கட்டுண்டு கிடந்தன. எழுத்து அழியவில்லை. ஆனால் கயிறு அவிழ்க்கப்படவில்லை, ஏடு புரட்டப்படவில்லை. ஆகவே அந்நூல் இருந்தும் இல்லாததுபோல் ஆயிற்று. உயிரணுவிலும் இதுவே நிகழ்கிறது.

நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே டி.என்.ஏ. தான் இருக்கிறது. ஆயினும் கண் கண்ணாகவும், கல்லீரல் கல்லீரலாகவும் இருப்பதேன்? ஒவ்வோர் உயிரணுவும் அந்தப் பெருநூலில் தனக்கு வேண்டிய ஏடுகளை மட்டும் திறந்து வைத்து, மற்றவற்றைக் கட்டி வைத்திருக்கிறது. எழுத்தை மாற்றாமல், எழுத்தின் மேலமைந்து அதைப் படிக்கவிடுவதையும் படிக்கவிடாமல் தடுப்பதையும் ஆளும் இம்முறைக்கு எபிஜெனிடிக்ஸ் என்று பெயர். இச்சொல்லை 1942-இல் வழங்கியவர் ஆங்கில நாட்டு அறிஞர் வாடிங்டன். தமிழில் இதனை 'மரபுமேல் ஆட்சி' எனலாமென்பது என் கருத்து. இதனினும் நல்ல சொல் தருவோர் உளராயின் மகிழ்வேன்.

கட்டும் கயிறுகளில் இரண்டை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது மீதைல் குறி. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளுள் ஒன்றாகிய சைட்டோசினின்மேல், மீதைல் என்னும் சிறு வேதித்துணுக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இக்குறிகள் நெருங்கி அமைந்தால் அம்மரபணு வாயடைத்துப்போகிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது, டி.என்.ஏ.வோடு இக்குறிகளும் படியெடுக்கப்படுகின்றன. ஆகவே ஒருமுறை மூடிய ஏடு, பிள்ளை உயிரணுவிலும் பேரன் உயிரணுவிலும் மூடியே இருக்கும். இக்கருத்தைப் பிரிட்டனில் ஹாலிடேயும் பியூவும், அமெரிக்காவில் ரிக்ஸும் 1975-இல் தனித்தனியே வெளியிட்டனர்.

இரண்டாவது ஹிஸ்டோன். ஓர் உயிரணுவின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரும். அவ்வளவு நீண்ட நூல், கண்ணுக்குப் புலப்படாத உட்கருவுக்குள் அடங்கவேண்டும். ஆதலால் ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளின்மேல், நூற்கண்டில் நூல்போல அது சுற்றப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோன்மேல் அசிட்டைல் குறி ஏறினால் சுற்று தளர்கிறது, மரபணு படிக்கத்தக்கதாகிறது. அக்குறி நீங்கினால் சுற்று இறுகுகிறது. இதனை 1964-லேயே நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆல்ஃப்ரே குழுவினர் உய்த்துணர்ந்தனர். குறியை ஏற்றும் நொதியும் நீக்கும் நொதியும் இன்னவையென்று தெளிவானது 1996-இல்.

இங்கு ஒன்றை மறவாதீர்கள். ஹார்மோன் ஏற்பி டி.என்.ஏ.வில் அமர்ந்ததும் துணைப் புரதங்களை அழைக்கிறது என்றேனல்லவா? அத்துணைவர்களுள் சிலர் இந்த அசிட்டைல் குறியை ஏற்றுபவர்கள். எனவே ஹார்மோனின் ஆணை நிறைவேறுவதே ஏடு திறக்கும் இம்முறையைக் கொண்டுதான்.

செவி அடைபட்ட விதம்

இனிப் புதிருக்கு வருவோம். புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பியின் மரபணு 11-ஆம் குரோமோசோமில் உள்ளது. இந்த ஒரே மரபணுவிலிருந்து இரண்டு வகை ஏற்பிகள் உண்டாகின்றன: 'ஏ' வகை, 'பி' வகை. இரண்டும் உடன்பிறந்தவை, 'பி' சற்று நீளமானது, அவ்வளவே. ஆனால் இரண்டுக்கும் தொடக்க வாயில்கள் வேறு வேறு. ஆதலால் ஒரு வாயில் அடைபட்டாலும் மற்றொன்று திறந்திருத்தல் கூடும்.

2001-இல் வெளிவந்த ஆய்வொன்று, கருப்பைப் புற்றுகளில் 'பி' வகையின் வாயிலில் மீதைல் குறிகள் நெருங்கிக் கிடப்பதையும், அங்கு 'பி' ஏற்பி உண்டாகாமையையும் காட்டிற்று. 'ஏ' வகைக்கு அவ்வாறு நேரவில்லை. அடுத்து அவ்வாய்வாளர்கள் செய்ததுதான் முக்கியம். கண்ணாடிக் கலங்களில் வளர்த்த புற்றுயிரணுக்களுக்கு, மீதைல் குறியைக் கழற்றும் மருந்தொன்றைக் கொடுத்தனர். மறைந்துபோன 'பி' ஏற்பி மீண்டும் தோன்றிற்று! கட்டு அவிழ்ந்தது; ஏடு பேசிற்று. மரபணு சிதைந்திருந்தால் எந்த மருந்தாலும் இது நிகழ்ந்திருக்க முடியாது.

செவி இருந்தும் செய்தி போய்ச் சேராமல் நிற்பது மற்றொரு வகை. புரொஜெஸ்ட்டிரோன் சுரப்பி உயிரணுக்களைத் தடுப்பது பெரிதும் நேர்முகமாக அன்று. பக்கத்து வீட்டின் வழியாக. முதலில் இடைத்திசு உயிரணுக்கள் அதன் சொல்லைக் கேட்கின்றன. அங்கே ஹேண்ட்-2 என்னும் மரபணு இயங்குகிறது. அது, சுரப்பி உயிரணுக்களை வளரத் தூண்டும் பொருள்களை அடக்கிவிடுகிறது. சுரப்பியின் பெருக்கம் நிற்கிறது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்திராணி பாக்ச்சி, மிலன் பாக்ச்சி ஆகியோரின் குழுவினர் எலிகளைக் கொண்டு இதனை 2011-இல் நிலைநாட்டினர். இரண்டே ஆண்டுகளில், 2013-இல், லண்டன் ஆய்வாளர்கள் இதன் மறுபக்கத்தைக் கண்டனர். கருப்பைப் புற்றில் மிகப் பரவலாக மீதைல் குறியால் அடைபட்டுக் கிடக்கும் மரபணுக்களுள் ஹேண்ட்-2 ஒன்று. புற்றாக மாறுமுன் உள்ள பெருக்க நிலையிலேயே இவ்வடைப்பு தலைகாட்டுகிறது. செய்தி வந்தது, இடையிலிருந்து எடுத்துச்சொல்ல வேண்டியவன் ஊமையானான். பயிர் தழைத்துக்கொண்டே போகிறது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. புரொஜெஸ்ட்டிரோன் நெடுநாள் பேசினால், உயிரணு தானே தன் ஏற்பியைக் குறைத்துக்கொள்ளும். ஓயாமல் அதட்டும் ஆசிரியரின் குரல் பின்வரிசை மாணவனுக்குக் கேட்காமற் போவதில்லையா, அதுபோல. தொடக்கத்தில் பலித்த மருந்து நாளடைவில் பலிக்காமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு மருந்து, இரண்டு முகங்கள்

மரபுமேல் ஆட்சியின் திறத்தைக் காட்ட இன்னோர் உதாரணம் கூறுவேன். மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் என்னும் மருந்து கொடுக்கப்படுகிறது. இது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் அமர்ந்து, ஈஸ்ட்ரோஜன் அமராதபடி தடுக்கிறது. மார்பகத்தில் இது எதிரி. ஆனால் கருப்பையிலோ இது ஓரளவு ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது! 1998-இல் முடிவு வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், இதனை உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பைப் புற்று ஏறக்குறைய இரண்டரை மடங்கு மிகுந்திருந்தது.

ஒரே பூட்டு, ஒரே சாவி. ஒரு வீட்டில் மூடுகிறது, இன்னொரு வீட்டில் திறக்கிறது. ஏன்? ஏற்பி அழைக்கும் துணைவர்கள் இரண்டு இடத்திலும் ஒரே அளவில் இல்லை. கருப்பை உயிரணுக்களில், மரபணுவைத் திறக்க உதவும் துணைப் புரதம் ஒன்று மிகுதி என்று 2002-இல் தெரிந்தது. 2005-இல் சீன ஆய்வாளர்கள் மேலும் ஒரு படி சென்றனர். பாக்ஸ்-2 என்னும் மரபணு, நலமான கருப்பை உட்படலத்தில் மீதைல் குறியால் கட்டப்பட்டுள்ளது. டமாக்சிஃபென் அதனை அசைக்க முடியாது. புற்றிலோ அக்குறி நீங்கிக் கட்டு அவிழ்ந்திருக்கிறது. டமாக்சிஃபென் அதனை இயக்கிப் பெருக்கத்தைத் தூண்டுகிறது. கட்டவேண்டியது அவிழ்வதும், அவிழவேண்டியது கட்டுண்பதும் ஆகிய இரண்டு குழப்பமும் புற்றில் உண்டென்று இதனால் அறிகிறோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தம் வீட்டாரை அம்மருந்தை நிறுத்தச் சொல்லிவிடலாகாது. மார்பகப் புற்றுற்றவர்களுக்கு அதனால் விளையும் நன்மை பெரிது. உதிரம் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதே இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம்.

கட்டவிழ்க்கும் முயற்சி

கட்டை அவிழ்க்கும் மருந்துகள் வந்த கதை சுவையானது. அசசிட்டிடின் என்ற பொருளை 1964-இல் பிராக் நகர வேதியியலார் உண்டாக்கினர். புற்றுயிரணுவைக் கொல்லும் நஞ்சாகவே அதனைக் கருதினர். பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஷெர்லி டெய்லரும் பீட்டர் ஜோன்ஸும் எலியின் இளம் உயிரணுக்களுக்கு அதைக் கொடுத்துச் சில நாட்கள் விட்டுவைத்தனர். அவற்றுட் சில தசையாக மாறித் துடிக்கத் தொடங்கின! மூடியிருந்த தசை ஏடு திறந்துவிட்டது என்பது அதன் பொருள். மருந்து மீதைல் குறியைப் படியெடுக்கவிடாமல் தடுக்கிறதென்று 1980-இல் அவர்கள் விளக்கினர். அசசிட்டிடின் 2004-இலும், ஹிஸ்டோன் அசிட்டைல் குறி நீங்காமல் தடுக்கும் வோரினோஸ்டாட் 2006-இலும் அமெரிக்காவில் ஏற்பு பெற்றன. முன்னது எலும்பு மச்சை சார்ந்த நோயொன்றுக்கு. பின்னது தோலில் தோன்றும் ஒருவகை நிணப்புற்றுக்கு.

அப்படியாயின் கருப்பைப் புற்றில் இவற்றைக் கொடுத்து ஏற்பியைத் திரும்ப வரவழைத்து, அதன்பின் புரொஜெஸ்ட்டிரோன் கொடுத்தால் என்ன? கண்ணாடிக் கலத்தில் இது நடந்தேறியது. நோயாளிகளிடத்தில் இன்னும் கைகூடவில்லை. அறுவைக்கு முந்திய சில வாரங்களில், புரொஜெஸ்ட்டிரோன் இன மருந்தோடு இத்தகைய மருந்தொன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வில், எதிர்பார்த்தபடி ஏற்பி கூடவில்லை. மருந்துக்கு எந்த ஏடு வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாது. அது எல்லாக் கட்டுகளையும் தொட்டுப்பார்க்கும். வேண்டிய ஏட்டை மட்டும், வேண்டிய உயிரணுவில் மட்டும், வேண்டிய நாளில் மட்டும் திறப்பது எங்ஙனம் என்பதே இத்துறையில் இன்று உள்ள பெரிய வினா.

எல்லாப் பழியையும் கட்டின்மேல் போடுவதும் தவறு. கருப்பைப் புற்று ஒரே நோயன்று. ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்தது, சாராதது என்று 1983-இல் லெனின்கிராட்டைச் சேர்ந்த போக்மன் இருவகைப்படுத்தினார். டி.என்.ஏ.வை முழுதும் படித்துப் பார்த்த பேராய்வொன்று 2013-இல் அதனை நான்காக வகுத்தது. எழுத்துப் பிழை மலிந்தவையும் உண்டு. பி-டென் போன்ற காவல் மரபணுக்கள் உண்மையிலேயே சிதைந்தவையும் உண்டு. இங்கும் ஒரு விந்தை: எழுத்துப் பிழையைத் திருத்தும் எம்.எல்.எச்-1 என்ற மரபணுவே பல புற்றுகளில் மீதைல் குறியால் கட்டுண்டு கிடக்கிறது. பிழை திருத்துவோன் உறங்கினால் அச்சில் பிழை மலியாதோ! இம்மரபணு பிறவியிலேயே சிதைந்திருந்தால் அது குடும்ப நோய். பின்னர்க் கட்டுண்டிருந்தால் பொதுவாகப் பிள்ளைகளுக்குப் போவதில்லை. ஆதலால் இவ்வேற்றுமையை மருத்துவர்கள் சோதித்தறிகின்றனர்.

நண்பருக்கு விடை

நண்பரே, இப்போது உங்கள் வினாவுக்கு விடை கூறிவிடலாம். இரண்டு இயந்திரங்களும் ஒரே வரைபடத்தால் ஆனவை என்று நீங்கள் எண்ணினீர்கள். வரைபடம் ஒன்றேயாயினும், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது வேறுபடுகிறது. ஒருத்தியின் புற்றில் புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பியின் ஏடு திறந்திருந்தது. மருந்தின் சொல் ஏறிற்று. மற்றொருத்தியின் புற்றில் அது கட்டுண்டிருந்தது; சொல் ஏறவில்லை. ஆகவே மருந்து கொடுக்குமுன் எந்த ஏடு திறந்துள்ளதென்று பார்ப்பதே அறிவுடைமை. இன்று குழந்தைப் பேற்றை விரும்பும் இளம்பெண்களுக்குத் தொடக்க நிலை நோயில் கருப்பையை நீக்காமல், புரொஜெஸ்ட்டிரோன் இன மருந்தை வாய்வழியாகவோ கருப்பையினுள் வைக்கும் சாதனத்தின் வழியாகவோ கொடுத்துக் காக்க முயல்கின்றனர். அவர்களுக்கு இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. தாயாவதும் ஆகாததும் இதைப் பொறுத்தது.

இறுதியாக, விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களுக்கும் தோழியர்க்கும் ஒரு வேண்டுகோள். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு மீண்டும் உதிரம் கண்டால், அது ஒரு துளியேயாயினும், மருத்துவரிடம் காட்டவேண்டும். இந்நோய் கண்டவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு முதற்குறி இதுவே. அவ்வாறு உதிரம் காணும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் புற்று இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அச்சம் குறையும். தொடக்கத்திலேயே கண்டால் அறுவையால் பெரும்பாலோர் நலம்பெறுவர். மாதவிலக்கு பல மாதங்கள் தவறித் தவறி வரும் இளம்பெண்களும் அதனைப் பொருட்படுத்தாமல் விடலாகாது.

உயிரணுவினுள் கட்டுண்ட ஏட்டை அவிழ்க்க அறிஞர்கள் உலகெங்கும் உழைக்கின்றனர். அது நம் கையில் இல்லை. ஆனால் நம் வீட்டுப் பெண்களின் நாவைக் கட்டியிருக்கும் நாணம் என்னும் கயிறு ஒன்று உண்டு. என் பெரியம்மாவை ஏழு மாதம் கட்டிவைத்தது அதுதான். அதனை அவிழ்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. விடுமுறை நாளில் அடுக்களையில் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து பேசும் அரைமணி நேரம் போதும்.